காக்கி உடுப்பும் வேப்பங்கன்று முளைத்த ஆட்டோவும்

உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலர் அவர்களுக்கு வணக்கம்.

பகலில் பாளையங்கோட்டையில் தையல் மிஷின், கூப்பிட்ட நாளில் காக்கி உடுப்பு என்று பதினோரு வருஷம் ஊர்க்காவல் படையில் இருந்தவன் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: போலீஸ் பிடித்த வண்டிகளின் ஏலப் பணத்தில் எங்கள் படைக்கு ஒரு பங்கு.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸைச் சுற்றிலும் தண்ணீர். அந்த ராத்திரி என் கையில் இருந்தது விசிலும் கடையில் கிடந்த டார்ச் லைட்டும். ரெயின்கோட் மச்சினனுடையது. கயிறு இரவல். மார்பளவுத் தண்ணீரில் ஒரு ஆச்சியைத் தூக்கிக்கொண்டு வரும்போது, "ஏய்யா, ஒனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது. சொல்லவில்லை.

உடுப்பு தைக்கிற நேரம் போக ஸ்டேஷன் வாசல்களைப் பார்த்துப் பழகின கண் இது. மணல் அள்ளிப் பிடிபட்ட டிப்பர், மதுபாட்டில் கடத்தின கார், டயர் மக்கிப்போன டிராக்டர். ஒரு ஆட்டோவின் சீட்டைக் கிழித்துக்கொண்டு வேப்பங்கன்று இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. மணல் வண்டியைப் பறிமுதல் செய்ய 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் இருக்கிறது. மது வண்டிக்கு 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். காலாகாலத்தில் ஏலம் விட்டால் காசு. விடாவிட்டால் பழைய இரும்பு.

அந்த ஏலப் பணத்தில் ஒரு பங்கை ஊர்க்காவல் படைக்கு லைஃப் ஜாக்கெட், கயிறு, டார்ச், மழைக்கோட்டு வாங்க ஒதுக்குங்கள். மதுவிலக்கும் உங்கள் துறை, 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இந்தப் படையும் உங்கள் துறை. இது புது யோசனையும் இல்லை. போதைப்பொருள் சட்டத்தின் 7ஏ பிரிவு, பறிமுதலான சொத்தை விற்ற பணத்தைப் போதை ஒழிப்புக்கான தேசிய நிதியில் சேர்க்கச் சொல்கிறது.

ஆனால் பிடித்த ஸ்டேஷனுக்கே காசு என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்புறம் லோடு ஏற்றிப் போகிற சம்சாரியின் டிராக்டரும் மணல் டிராக்டராகிவிடும். பணம் கருவூலத்துக்கே போகட்டும். எத்தனை வண்டி பிடித்தார்கள் என்று பார்க்காமல், எங்கே ஆறு, எங்கே திருவிழாக் கூட்டம் என்று பார்த்துப் பிரியுங்கள். பறிகொடுத்தவனுக்குச் சேர வேண்டிய பணத்திலும் கை வைக்க வேண்டாம். குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107-ஆம் பிரிவு அதை ஆட்சியர் வழியாக அவனுக்கே தரச் சொல்கிறது.

இன்னொன்று, தடி வாங்க வேண்டாம். போலீஸ் காவலில் அப்பாவும் மகனும் அடிபட்டுச் செத்த சாத்தான்குளம் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம்தான். அதற்குப் பிறகு 2020-இல், போலீஸுக்குத் துணையாக இருந்த தன்னார்வலர்களின் காவல்துறை நண்பர்கள் குழுவை அரசே தடை செய்தது. தன்னார்வலன் கையில் தடியைப் பார்த்தால் ஜனங்களுக்கு இன்னும் அடிவயிறு கலங்கும். கயிற்றைப் பார்த்தால் கலங்காது.

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் குடும்பம் குடும்பமாகக் குடில் போட்டுத் தங்குவார்கள், ஆற்றில் இறங்குவார்கள். கரையில் நிற்கப்போகிற பையன்களில் ஒருவன் என் கடையில் காஜா எடுக்கிறவன். லைஃப் ஜாக்கெட்டுக்கு அளவு எடுத்து வைத்திருக்கிறேன். மார்பு 36.

இப்படிக்கு,
பாளையங்கோட்டைத் தையல்காரன்