‘ஆல்வேஸ்’ எங்கே உட்காரும்?

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்றால் இனி நீ உட்காருவது கஷ்டம்தான். இங்கே எல்லோரும் நலம்.

நீ நடத்தும் மாலை ஆங்கில வகுப்பில் எத்தனை முறை திருத்தினாலும் மாணவர்கள் “ஐ ஆல்வேஸ் ட்ரிங்க் டீ” என்பதற்குப் பதிலாக “ஐ ட்ரிங்க் ஆல்வேஸ் டீ” என்றே சொல்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருந்தாய். நீ அனுப்பிய வாக்கியங்களைப் படித்தேன். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. “வினையடை வினைச்சொல்லுக்கு முன்னால் வரும்” என்று பலகையில் எழுதிப்போட்டாயே, ‘ஆல்வேஸ்’ போல ஒரு செயல் எப்போது, எப்படி நடக்கிறது என்று சொல்லும் சொல்லுக்கான அந்த விதியே பாதி இடங்களில் கைவிட்டுவிடும். “ஷி இஸ் ஆல்வேஸ் லேட்” என்பதில் ‘ஆல்வேஸ்’ வினைக்குப் பின்னால்தானே நிற்கிறது?

விதியை இப்படி மாற்றிக்கொள். ஹேஸ், வில், டஸ் போல முதன்மை வினைக்குத் துணையாக வரும் துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால். இல்லையென்றால் முதன்மை வினைக்கு முன்னால். ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’, ‘வேர்’ தனித்து வந்தாலும் அவற்றைத் துணைவினையாகவே எண்ணிக்கொள்ளச் சொல். “ஷி ஆல்வேஸ் லாக்ஸ் தி டோர்”, “ஷி ஹேஸ் ஆல்வேஸ் லாக்ட் தி டோர்”, “ஷி வில் ஆல்வேஸ் லாக் தி டோர்”. கேள்வியில் எழுவாய் நடுவில் புகுந்துவிடுவதால் அதையும் தாண்டி வரும்: “டஸ் ஷி ஆல்வேஸ் லாக் தி டோர்?” துணைவினைகள் வரிசையாக நின்றாலும் பெரும்பாலும் முதல் ஒன்றைக் கடந்ததுமே இடம் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்துக்கு உரியவை என்று பெரிய பட்டியல் எதுவும் கொடுக்காதே. ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர், ஆல்ரெடி, ஸ்டில், ஜஸ்ட், ஆல்ஸோ, ப்ராபப்லி. அன்றாடப் பேச்சுக்கு இவை போதும். காலம், இடம், விதம் என்று வகை பிரித்து மனப்பாடம் செய்ய வைக்கும் புத்தகங்கள் மாணவரின் நேரத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை என்பது என் கட்சி.

‘ஹேவ்’ மட்டும் கொஞ்சம் தொல்லை தரும், அதற்கு இரண்டு வேலை. “வி ஹேவ் ஆல்ரெடி ஈட்டன்” என்பதில் அது துணைவினை. “வி யூஷுவலி ஹேவ் லஞ்ச் அட் ஒன்” என்பதில் அதுவே முதன்மை வினை, ஆகவே ‘யூஷுவலி’ முன்னால். ‘ஹேவ் டு’ வந்தாலும் அப்படியே: “ஐ ஆஃபன் ஹேவ் டு வெய்ட்”. விதிவிலக்குகளில் இரண்டை மட்டும் சொல்லிவை. கட்டளை வாக்கியத்தில் “ஆல்வேஸ் பி கேர்ஃபுல்”, ‘பி’க்கு முன்னால். குறும்பதிலில் “யெஸ், ஐ யூஷுவலி ஆம்”. வாக்கியம் அங்கேயே முடிவதால் அழுத்தம் ‘ஆம்’ மேல் விழ வேண்டும், அதனால் ‘யூஷுவலி’ விலகி நிற்கிறது.

இனி உன் ‘ட்ரிங்க் ஆல்வேஸ் டீ’. இந்தப் பிழை எப்படிப் பிறக்கிறது என்று பார். மாணவர் மனதில் இருப்பது “நான் எப்போதும் டீ குடிப்பேன்”. ஆங்கிலத்தில் வினை எழுவாய்க்கு அடுத்து வர வேண்டும் என்று நீதான் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்திருப்பாய். அவர் கடைசியில் இருக்கும் ‘குடிப்பேன்’ஐ மட்டும் பிடுங்கி ‘நான்’ பக்கத்தில் வைக்கிறார். மிச்சம் இருந்த இடத்திலேயே இருக்கிறது: ஐ ட்ரிங்க், ஆல்வேஸ், டீ. தமிழில் செயப்படுபொருளுக்கும் வினைக்கும் நடுவே எதையும் வைக்கலாம். “டீயை மெதுவாகக் குடித்தாள்” நமக்கு உறுத்தாது. ஆங்கிலத்தில் வினையும் அதன் செயப்படுபொருளும் ஒட்டியே இருக்கும், நடுவில் வினையடை நுழையக் கூடாது. “ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்”, “ஐ லைக் வெரி மச் திஸ் ஹவுஸ்” எல்லாம் இதே நோய்தான். ஆகவே முதலில் வினையையும் செயப்படுபொருளையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்ல வை: ட்ரிங்க் டீ, லாக் தி டோர், ஸ்பீக் இங்கிலீஷ். அது நாக்கில் படிந்த பிறகு ‘ஆல்வேஸ்’ஐ முன்னால் சேர். ‘வெல்’ கடைசிக்குப் போகட்டும். ‘லுக் அட்’ போல நடுவே முன்னிடைச்சொல் இருந்தால் இந்தக் கண்டிப்பு இல்லை. “ஷி லுக்ட் கேர்ஃபுலி அட் தி மேப்” சரியானதே.

முன்னால் வரவே வராத சொற்களும் உண்டு. வெல், ஃபாஸ்ட், ஹார்ட் மூன்றும் வினைக்குப் பின்னால்தான். ‘ஹார்ட்’ பின்னால்தானே வரும் என்று ‘ஹார்ட்லி’யை முன்னால் போட்டால் கதையே மாறிவிடும்: “ஹி ஹார்ட்லி ஒர்க்ஸ்” என்றால் அவன் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை. ‘டெய்லி’யும் நம்மவர்களுக்கு ஒரு பொறி. “ஐ டெய்லி கோ டு தி லைப்ரரி” என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். ‘டெய்லி’யோ ‘எவ்ரி டே’யோ வாக்கியத்தின் கடைசியில் வருவதே வழக்கம். ‘யெஸ்டர்டே’ முதலிலோ கடைசியிலோ வரும்.

எதிர்மறை வாக்கியத்துக்குத் தனியாக ஒரு வகுப்பே ஒதுக்கு. ‘நாட்’ தனக்குப் பின்னால் வருவதைத்தான் மறுக்கும். “ஐ டோன்ட் ஆல்வேஸ் வாக்” என்றால் சில நாள் நடப்பேன், சில நாள் நடக்க மாட்டேன். ஸ்டில், ப்ராபப்லி, சம்டைம்ஸ் மூன்றும் அந்த மறுப்புக்குள் சிக்காமல் முன்னாலேயே நின்றுகொள்ளும்: “ஐ ஸ்டில் டோன்ட் நோ”, “ஹி ப்ராபப்லி வோன்ட் கம்”. இடம் மாறினால் பொருள் எவ்வளவு மாறும் என்று காட்ட ‘ரியலி’யைவிட நல்ல சொல் கிடையாது. “ஐ டோன்ட் ரியலி லைக் இட்” என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “ஐ ரியலி டோன்ட் லைக் இட்” என்றால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மருமகள் சமையலைப் பற்றி எதைச் சொல்வது என்று கேட்டுப் பார், வகுப்பு விழித்துக்கொள்ளும்.

எதிர்மறை இல்லாத வாக்கியத்திலும் இந்த விளையாட்டு உண்டு. “ஹி ஃபூலிஷ்லி ஆன்சர்ட் தி கொஸ்டின்” என்றால் அவன் வாயைத் திறந்ததே முட்டாள்தனம். பதில் சரியாகக்கூட இருந்திருக்கலாம். ‘ஃபூலிஷ்லி’ கடைசிக்குப் போனால் பதிலே முட்டாள்தனமானது. செயப்பாட்டுவினையில் ஒரு செயல் எப்படி, எவ்வளவு தூரம் நடந்தது என்று சொல்லும் சொல் முதல் துணைவினையோடு நிற்காது, முதன்மை வினையை ஒட்டிப் போய்விடும்: “தி ரோட் ஹேஸ் பீன் கம்ப்ளீட்லி ரீபில்ட்”. மேல்வகுப்புக்கு இதை வைத்துக்கொள்.

‘ஒன்லி’ விஷயத்தில் ரொம்பக் கெடுபிடி வேண்டாம். ‘மட்டும்’, ‘தான்’ இரண்டையும் நாம் சொல்லுக்குப் பின்னால் போடுவதால் “ஐ ஏட் டூ ஒன்லி” என்று வருகிறது. பேச்சில் “ஐ ஒன்லி ஏட் டூ” இயல்பானது, அழுத்தம் ‘டூ’ மேல் விழுந்தால் யாருக்கும் குழப்பம் இல்லை. எழுத்தில் அழுத்தம் கேட்காது என்பதால் “ஐ ஏட் ஒன்லி டூ” பாதுகாப்பு. “டு ரியலி அண்டர்ஸ்டாண்ட்” போன்றவற்றில் ‘டு’வையும் வினையையும் பிரிக்கக் கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்கள் பரப்பிய தடை. அதற்காகச் சிவப்பு மையைச் செலவழிக்காதே.

பயிற்சிக்கு ஒரே வாக்கியம் போதும். ‘ஷி லாக்ஸ் தி டோர்’ஐ ஹேஸ், வில், மஸ்ட், டஸன்ட், கேள்வி என்று ஒவ்வொன்றாக மாற்றி வாய்விட்டுச் சொல்ல வை, ஒவ்வொரு சுற்றிலும் ‘ஆல்வேஸ்’ தானாக இடம் தேடிப் போக வேண்டும். அடுத்த சுற்றில் ‘ஸ்டில்’, அதற்கடுத்து ‘ப்ராபப்லி’. ‘டஸன்ட்’ வரும்போது ‘ஆல்வேஸ்’ பின்னாலும் மற்ற இரண்டும் முன்னாலும் போவதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீ முந்திக்கொள்ளாதே. யாராவது தடுமாறினால் விதியைத் திரும்ப ஒப்பிக்காமல் “முதல் துணைவினை எது?” என்று மட்டும் கேள்.

அடுத்த முறை அவர்கள் சொந்தமாக எழுதிய பத்தி ஏதாவது இருந்தால் திருத்தாமல் அப்படியே அனுப்பு. ‘ஈவன்’, ‘ஆல்மோஸ்ட்’ இரண்டையும் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராஜி