திரும்பி வந்தது பழைய குரல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கனடியப் பாடகி ஷானியா ட்வைனைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பிதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மேற்கத்திய பாப் இசைக்குத் தமிழ் நாளிதழ் ஒன்று முழுப் பக்கம் ஒதுக்கியது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், தொண்டையில் அறுவை செய்துகொண்ட அவர் 2017-இல் ‘நவ்’ என்ற ஆல்பத்தோடு இழந்த குரலை அப்படியே மீட்டுக்கொண்டு திரும்பினார் என்று கட்டுரை சொல்வது இரண்டு வகையில் பிழையானது. ஆண்டுகளின் வரிசை முதற்பிழை. ‘அப்படியே’ என்ற சொல் இரண்டாவது பிழை, என் பார்வையில் அதுதான் பெரியது. அவருக்குத் திரும்பி வந்தது பழைய குரல் அல்ல. இதை நிறுவுவதற்குச் சற்று நீளமாக எழுத வேண்டியிருப்பதால் தங்கள் பொறுமையை வேண்டுகிறேன்.

முதலில் வரிசையைப் பார்ப்போம். ஒண்டாரியோ மாகாணத்தின் வடபகுதியில் டிம்மின்ஸ் என்னும் சுரங்க ஊரில் வளர்ந்த ஷானியா, குடும்பத்தின் வறுமையால் எட்டு வயதிலேயே மதுக்கூடங்களில் பாடத் தொடங்கியவர். 1987-இல் பெற்றோர் இருவரும் கார் விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 22. உடன்பிறந்தோரைக் கரையேற்றும் பொறுப்பைத் தலையில் சுமந்துகொண்டு, ஹன்ட்ஸ்வில் என்ற ஊரின் உல்லாச விடுதியில் இரவுதோறும் மேடையேறினார். பிறகு வந்த புகழைக் கட்டுரையாளரே விரிவாக எழுதியிருக்கிறார். 1997-இல் வெளியான ‘கம் ஆன் ஓவர்’ உலகெங்கும் ஏறத்தாழ 4 கோடிப் பிரதிகள் விற்றது என்ற ஒன்றே போதும். 2002-இல் ‘அப்!’ வந்தது. ஒரே பாடல்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வண்ணங்களில், மூன்று வகை இசைக்கோவையில் அவர் வெளியிட்ட ஆல்பம் அது. இதில் நீல வட்டு நம் நாட்டுத் திரையிசையின் சாயலில் அமைந்தது என்பதையும், அதற்கு உழைத்தவர்கள் பர்மிங்காமைச் சேர்ந்த சைமன், டயமண்ட் டுக்கல் என்ற இந்திய வம்சாவளிச் சகோதரர்கள் என்பதையும் கட்டுரையாளர் குறிப்பிட்டிருந்தால் நம் வாசகர்களுக்குச் சுவையாக இருந்திருக்கும். அந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின்போதுதான், 2003-இல், குதிரைச் சவாரி சென்ற இடத்தில் ஓர் உண்ணி அவரைக் கடித்தது.

நம் ஊரில் உண்ணி என்றால் மாட்டின் மடியும் நாயின் காதுமே நினைவுக்கு வரும். வட அமெரிக்கக் காடுகளில் உள்ள ஒருவகை உண்ணி, கடிக்கும்போது லைம் நோய்க்குரிய பாக்டீரியாவை உடலுக்குள் செலுத்திவிடும். அந்த நோய் நரம்புகளையும் தாக்கக்கூடியது. மேடையில் நிற்கும்போதே தலை சுற்றியதாகவும், நொடிப்பொழுது நினைவு தப்பியதாகவும் ஷானியா பின்னர் கூறினார். உண்ணிக்கடியும் குரலின் தளர்ச்சியும் ஒரே நூலின் இரு முனைகள் என்பது தெரியவரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை தன் குரலுக்கு என்ன நேர்ந்தது என்றே அறியாமல் ஒரு பாடகி வாழ்ந்திருக்கிறார். இடையில், தன் பாடல்களை உடனிருந்து எழுதித் தயாரித்த கணவர் ராபர்ட் ஜான் லாங்கேயிடமிருந்து 2008-இல் பிரிந்தார்.

குரல்நாண்கள் என்பவை குரல்வளையின் குறுக்கே அமைந்த இரண்டு மெல்லிய மடிப்புகள். நாம் பேசும்போது அவை நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டு, மூச்சுக்காற்றின் தள்ளலில் அதிர்கின்றன. அவற்றை அசைக்கும் நரம்பின் போக்கு விந்தையானது. மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போகாமல், இடப்பக்கத்து நரம்பு மார்புவரை இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. குரலுக்குரிய நரம்புகள் நலிந்தால் நாண்கள் நடுவில் வந்து சேர்வதில்லை. இடைவெளி வழியே காற்று வீணாகிறது. குரல் மெலிந்து, பிசிறடித்து, சொல்லின் கடைசி எழுத்து வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்து எழுதவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஒன்பதாம் வகுப்பில் செய்யுளைச் சீர் பிரித்துப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, நான்காம் அடியில் குரல் இல்லை. வாய் அசைந்தது, காற்று வந்தது, ஒலி வரவில்லை. பின் வரிசையில் பிள்ளைகள் சிரித்தார்கள். தொண்டை கட்டியிருக்கிறது என்று பனங்கற்கண்டும் மிளகும் வாயில் அடக்கிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். பிறகு மூக்கின் வழியே மெல்லிய குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், நாண்களுக்கு நடுவே தெரிந்த சிறு இடைவெளியைத் திரையில் காட்டினார். எனக்கு அறுவை தேவைப்படவில்லை. குரல் பயிற்சி அளித்த பெண், டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி, அதில் உறிஞ்சுகுழாயை வைத்து, ‘ஊ’ என்று ஒலித்தபடியே குமிழி விடச் சொன்னார். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். பேரன் அதை விளையாட்டு என்று நினைத்துத் தானும் ஒரு டம்ளருடன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். ஐந்து மாதம் கழித்துத் திரும்பிய குரல், அதுவரை வகுப்பில் ஒலித்துவந்த என் குரலைவிட ஒரு படி தாழ்வாகவும் சற்றுக் கரகரப்பாகவும் இருந்தது. தொலைபேசியில் என் தங்கையே “யாருங்க பேசுறது?” என்று கேட்டாள். என் வேலைக்கு அது போதும். பாடகிக்கு அது எப்படிப் போதும் என்ற கேள்வியோடுதான் நான் ஷானியாவின் பிற்காலப் பாடல்களைக் கேட்கத் தொடங்கினேன்.

அவர் அறுவைக்குக் காத்திருக்கவில்லை என்பதைக் கட்டுரை விட்டுவிட்டது. 2012-இல் அமெரிக்கப் பாடகர் லயனல் ரிச்சியின் ‘டஸ்கீகி’ ஆல்பத்தில் அவரோடு சேர்ந்து ஒரு பாடலைப் பாடினார். அதே ஆண்டு டிசம்பரில் லாஸ் வேகாஸில் தொடங்கிய தொடர் கச்சேரிகளை இரண்டு ஆண்டுகள் நடத்தினார். 2015-இல் வட அமெரிக்காவெங்கும் சுற்றுப்பயணம் செய்தார். ‘நவ்’ வெளியான நாள் 29 செப்டம்பர் 2017. பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வந்த புதிய ஆல்பம் அது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பாடல்கள் முழுவதையும் அவர் தனியாகவே எழுதினார். அறுவை சிகிச்சை நடந்தது 2018-இல். ஆகவே ‘நவ்’ ஆல்பத்தில் நாம் கேட்பது நலமடைந்த குரல் அன்று. நாண்கள் இன்னும் நலிந்திருந்தபோதே, நீண்ட பயிற்சியாலும் மேடைக்கு முன் செய்யும் சாதகத்தாலும் ஒப்பேற்றிய குரல். அதை வெற்றிகரமான சிகிச்சையின் பலனாக எழுதுவது, அந்த ஆல்பத்தின் உண்மையான வீரத்தை மருத்துவரின் கத்திக்குத் தாரை வார்ப்பதாகும்.

அந்த ஆல்பத்தை ஒலிபெருக்கியில் கேட்காமல் காதொலிப்பானில் (ஹெட்போனில்) கேட்டால் இது விளங்கும். பெரும்பாலான பாடல்கள் கீழ்ச்சுருதியிலேயே நடக்கின்றன. ஒரே குரலை அடுக்கடுக்காகப் பதிவு செய்து, மெலிவு தெரியாதபடி மேலே போர்த்தியிருக்கிறார்கள். இது இயந்திரம் பாடிய ஆல்பம் என்று சில ரசிகர்கள் குறைப்பட்டதுண்டு. எனக்கோ, வாக்கியங்களைச் சிறிதாக நறுக்கி, மூச்சு தீரும் இடத்துக்கு முன்பே நிறுத்தற்குறி வைத்த ஒருவரின் சிக்கனம்தான் அதில் கேட்கிறது.

இனி அறுவை. குரல்நாண்களில் தோன்றும் கட்டியையோ கொப்புளத்தையோ வாய் வழியாக உள்ளே சென்று அகற்றுவது ஒருவகை. பாடகி அடெல் 2011-இல் செய்துகொண்டது அந்த வகையைச் சேர்ந்தது. நடிகையும் பாடகியுமான ஜூலி ஆண்ட்ரூஸ் 1997-இல் குரல்நாண் அறுவைக்குப் பிறகு தன் பாடும் குரலை இழந்தார். ஷானியாவுக்கு நடந்தது இவ்வகை அன்று. கழுத்தின் வெளிப்புறத்திலிருந்து திறந்து, நாண்களுக்கு முட்டுக்கொடுக்கும் சிகிச்சை அது. குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சாளரம் போல ஒரு துளையிட்டு, அதன் வழியே ஒரு துண்டைச் செருகி, நலிந்த நாணை நடுநோக்கித் தள்ளி நிறுத்துவார்கள். அவருக்கு வைக்கப்பட்டது கோர்டெக்ஸ், அதாவது மழைக்கோட்டு தைக்கப் பயன்படும் அதே பொருளின் மருத்துவ வடிவம். அவரே அதை ஊன்றுகோலோடு ஒப்பிட்டிருக்கிறார். இத்தகைய அறுவையில் நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தாமல், இடையிடையே ஒலியெழுப்பச் சொல்லிக் கேட்டு, அந்த ஒலிக்கேற்பத் துண்டின் அளவைச் சரிசெய்வது வழக்கம். தம்புராவின் நாணுக்கும் பாலத்துக்கும் இடையே நூலை நகர்த்தி நகர்த்தி ஜீவா பிடிப்பதை, அதாவது நாதம் சரியாக ஒலிக்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பதை, அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஷானியா இப்படி இருமுறை அறுவைக்கு உட்பட்டார்.

இதில் நரம்பு குணமாவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நலிந்தது நலிந்தபடியே இருக்க, நாண் மட்டும் புதிய இடத்தில் நிறுத்தப்படுகிறது. ஆகவே வெளிப்படும் ஒலியும் புதியதாகத்தான் இருக்க முடியும். பழைய குரல் இனித் தனக்குத் திரும்பாது, புதிய குரல் தனக்குப் பிடித்திருக்கிறது என்ற பொருளில் ஷானியாவே பேட்டிகளில் பேசியிருக்கிறார். குரலுக்கு உரியவரே ஒப்புக்கொண்ட ஒன்றை நாம் ஏன் மாற்றி எழுத வேண்டும்?

அறுவைக்குப் பின் வந்த முதல் முழு ஆல்பம், 3 பிப்ரவரி 2023-இல் வெளியான ‘குவீன் ஆஃப் மீ’. அப்போது அவருக்கு வயது 57. கட்டுரையாளர் புகழ்ந்த அந்த வலு உண்மையில் இருப்பது இங்கேதான். சொல்லின் முதல் எழுத்தை இப்போது அவர் தயங்காமல் அழுத்திப் பிடிக்கிறார். காற்று முன்னே கசிந்து ஒலி பின்னே வரும் தடுமாற்றம் இல்லை. மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்ச்சுருதியில், குரலுக்கு ஒரு கனம் வந்திருக்கிறது. 1997-இல் அவரிடம் அந்தக் கனம் இருந்ததில்லை. மூச்சை இழுப்பதையும் விடுவதையுமே பொருளாகக் கொண்ட ஒரு பாடல் இதில் உண்டு. கோவிட் தொற்றால் நுரையீரல் பாதிக்கப்பட்டு மீண்டபின் அவர் எழுதியது. காற்று வீணாவதே நோயாக இருந்த ஒருவர் காற்றைக் கொண்டாடிப் பாடுவதை, அவருடைய வரலாறு தெரிந்து கேட்பவர்கள் வெறும் ஆட்டப்பாட்டாகக் கடந்துபோக முடியாது. அதேவேளை, பழைய பாடல்களில் மேல் ஸ்வரத்திலிருந்து இழையாக வழுக்கி இறங்கும் அந்த மென்மையை இதில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அது போயிற்று, போனதுதான்.

ஆல்பம் முழுவதும் சிறப்பு என்றும் நான் சொல்ல வரவில்லை. மின்னணுத் தாளத்தின் ஆரவாரம் பல இடங்களில் மிகுதி. இரண்டு மூன்று பாடல்கள் அவர் பெயர் இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்காத வகையைச் சேர்ந்தவை. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற குரலைத் தனியே நிற்கவிட்டு, ஒரு கிட்டாரை மட்டும் துணைக்கு வைத்து ஓரிரு பாடல்களாவது பதிவு செய்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

நம் சபாக்களில் மூத்த வித்வான்கள் பாடும்போது, “சாரீரம் ஒத்துழைக்கலைன்னாலும் பாட்டுல குறை இல்லை” என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோகும் ரசிகர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். வயதோடும் நோயோடும் குரல் மாறும் என்பதை இயல்பாக ஏற்றுக்கொள்ளும் அந்தக் காது நமக்குப் புதிதன்று. பாப் பாடகிகள் என்று வந்தால் மட்டும் ‘அதே குரல், அதே இளமை’ என்று எழுதினால்தான் பாராட்டு என நினைத்துவிடுகிறோம்.

தங்கள் இதழை என்னைப் போலவே பிள்ளைகளும் படிக்கிறார்கள், அதை வைத்துப் பள்ளியில் கட்டுரையும் எழுதுகிறார்கள். ஆகவே ‘நவ்’ 2017, அறுவை 2018, ‘குவீன் ஆஃப் மீ’ 2023 என்ற வரிசையை அடுத்த ஞாயிறு இணைப்பிதழில் ஒரு சிறு திருத்தமாகவாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால், ‘அப்படியே’ என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திருச்சிராப்பள்ளி