முதல் தகவல் அறிக்கை யார் மீது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் துறை அதிகாரி ஒருவர் சுட்டதில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் இறந்துபோன செய்தி வந்த நாளிலிருந்து உங்கள் வாசகர் கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்துவருகிறேன். பாதிப் பேர் அந்த அதிகாரிக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். மீதிப் பேர் அவரைக் கொலைகாரர் என்கிறார்கள். செத்தவர் நல்லவரா கெட்டவரா என்பதில்தான் இரண்டு தரப்பும் முட்டிக்கொள்கின்றன. அவர் மேல் எத்தனை வழக்கு, அவருக்கு எத்தனை குழந்தைகள், இதுதான் பேச்சாக இருக்கிறது. அங்கே என்ன நடந்தது என்று கண்டுபிடிக்கும் வேலை இப்போது யார் கையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றங்களில் தட்டச்சராகச் சேர்ந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவள். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு வழக்கு கோர்ட்டுக்குள் எந்தக் காகிதமாக நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே காணாமல் போகிறது என்பதை அருகில் இருந்து பார்த்தவள்.

கொலை வழக்கு என்றால் முதல் தகவல் அறிக்கையை ஒரு காவலர் தாமதமில்லாமல் கொண்டுவந்து தர வேண்டும். நள்ளிரவு ஆனாலும் நடுவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்று நாங்கள் சொல்வது அதைத்தான். நடுவர் அதை வாங்கிய தேதியையும் நேரத்தையும் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். பின்னால் விசாரணை நடக்கும்போது அந்த ஒரு வரியை வைத்து வழக்கறிஞர்கள் அரை நாள் குறுக்கு விசாரணை செய்வார்கள். சம்பவம் நடந்த நேரத்துக்கும் அறிக்கை கோர்ட்டுக்கு வந்த நேரத்துக்கும் இடையே கதை சேர்க்க முடியும் என்பதால்தான் அவ்வளவு கவனம். சாதாரண மனிதர் ஒருவர் இன்னொருவரை வெட்டிவிட்டால் இத்தனை கெடுபிடி இருக்கிறது.

காவல் துறையினர் சுட்டு ஒருவர் இறந்தால் என்ன நடக்கிறது? பல என்கவுன்டர்களில் முதல் தகவல் அறிக்கை இறந்தவர் மீதுதான் போடப்பட்டிருக்கிறது. காவலர்களைக் கொல்ல முயன்றார், அவர்கள் தற்காப்புக்காகச் சுட்டார்கள் என்று இருக்கும். புகார் கொடுப்பவர் சுட்ட குழுவிலேயே ஒருவர். பிறகு, குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது என்று ஒரு வரியோடு கோப்பு மூடப்படும். சுட்டது சரியா தவறா என்ற கேள்வி அந்தக் கோப்பில் எழுவதே இல்லை. எழுப்ப வேண்டிய ஆள் மண்ணுக்குள் போய்விட்டார்.

இதை மாற்றத்தான் உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று ஒரு தீர்ப்பு கொடுத்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் மகாராஷ்டிர அரசுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கு அது. தலைமை நீதிபதி ஆர்.எம். லோதாவும் நீதிபதி ரோஹின்டன் நரிமனும் 16 நெறிமுறைகளை வகுத்தார்கள். அரசியல் சட்டத்தின் 141வது பிரிவின்படி இது நாடு முழுக்கச் செல்லும் சட்டம் என்றும் எழுதிவைத்தார்கள். போலீஸ் துப்பாக்கியால் மரணம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும், அது தாமதமின்றிக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். விசாரணையைச் சுட்ட குழு நடத்தக் கூடாது. சிஐடி நடத்த வேண்டும், இல்லையென்றால் வேறொரு காவல் நிலையத்தின் குழு நடத்த வேண்டும். அதை மேற்பார்வை செய்பவர் சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலான அதிகாரியாக இருக்க வேண்டும். பிரேதப் பரிசோதனையை மாவட்ட மருத்துவமனையில் இரண்டு மருத்துவர்கள் செய்ய வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும். சுட்டவர்கள் தங்கள் துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு உடனே தகவல் போக வேண்டும். நடுவர் விசாரணை கண்டிப்பாக நடக்க வேண்டும். சம்பவம் நடந்த சூட்டோடு சூடாகப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது என்பதும் அந்த 16இல் ஒன்று. வீரம் சந்தேகமில்லாமல் நிரூபணமான பிறகுதான் அதைப் பற்றிப் பேசலாம்.

இவற்றில் எது நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை? இந்தச் சாவைப் பற்றி உங்கள் நாளிதழ் உட்பட நான் படித்த எந்தச் செய்தியிலும் இதற்குப் பதில் இல்லை. துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டதா? பரிசோதனை செய்தது ஒரு மருத்துவரா, இருவரா? எந்த நிலையம் விசாரிக்கிறது? இவை ரகசியம் இல்லை. நிருபர் ஒருவர் போனில் கேட்டால் கிடைக்கக்கூடிய பதில்கள்தான். கிடைக்காவிட்டால், பதில் சொல்ல மறுத்தார்கள் என்பதே செய்தி.

முதல் நாள் காவல் துறை சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வதில் உள்ள ஆபத்துக்கு ஹைதராபாத்தைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை. 2019 டிசம்பர் 6 அதிகாலை, கால்நடை மருத்துவர் ஒருவரின் கொடூரக் கொலையில் கைதான நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சம்பவ இடத்தை விசாரிக்க அழைத்துப் போனோம், ஆயுதத்தைப் பறித்து எங்களைத் தாக்கினார்கள், சுட்டோம் என்றது போலீஸ். மக்கள் காவலர்கள் மேல் பூத் தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததைக் கேட்டு நானும் பல இரவுகள் தூக்கமில்லாமல் கிடந்தேன். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உச்ச நீதிமன்றம் அமைத்த, ஓய்வு பெற்ற நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையிலான ஆணையம் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தது. 2022இல் வெளியான அதன் அறிக்கை, நான்கு பேரும் கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்றது. அவர்களில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்றும் சொன்னது. பத்து காவலர்கள் மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. ஆணையம் சொல்வது நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது, சரி. ஆனாலும் பூத் தூவிய அன்று யாருக்கும் தெரியாத எத்தனை விஷயங்கள் இரண்டரை வருடம் கழித்து வெளியே வந்தன என்று பாருங்கள். பூத் தூவிய படம் எல்லாப் பத்திரிகைகளிலும் பெரிதாக வந்தது. ஆணையத்தின் அறிக்கையை எத்தனை பேர் படித்தோம்?

நம் மாநிலத்திலும் இப்படி ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் ஒரே இரவில் ஒரே வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து மரம் வெட்டப் போன கூலிகள். 2018 மே மாதம் தூத்துக்குடியில் போராட்டக்காரர்கள் 13 பேர் உயிரிழந்தார்கள். அது வேறு வகை. கூட்டத்தின் மேல் நடந்த துப்பாக்கிச் சூடு. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோதுதான், தப்பி ஓடியவர்களும் சுடப்பட்டார்கள் என்பது அரசாங்கத்தின் காகிதத்திலேயே பதிவானது. அதற்கு நான்கு வருடத்துக்கு மேல் ஆனது.

கோர்ட்டுக்குப் போனால் இருபது வருடம் இழுக்கும், அதனால்தான் இப்படி என்று உங்கள் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வழக்குகள் இழுப்பது உண்மை. கோர்ட் வராந்தாவில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து உட்கார்ந்துவிட்டு, அடுத்த தேதியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிப் போகும் தாய்மார்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே நெஞ்சு வலித்திருக்கிறது. ஆனால் ஏன் இழுக்கிறது? நான் எழுதிய தேதி விவரங்களில் திரும்பத் திரும்ப வந்த காரணங்களைச் சொல்கிறேன். சாட்சிக்கு அனுப்பிய சம்மன் சார்வு ஆகவில்லை, அதாவது அவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. சிறையிலிருந்து கைதியை அழைத்துவர வழிக்காவல் இல்லை. தடயவியல் அறிக்கை வரவில்லை. புலன் விசாரணை அதிகாரி மாறுதலாகிப் போய்விட்டார், சாட்சி சொல்ல வரவில்லை. நடுவர் பணியிடம் காலி. இவற்றில் பாதிக்கும் மேல் காவல் துறையும் அரசும் நினைத்தால் சரிசெய்யக்கூடியவை. சம்மன் கொடுக்க ஆள் ஒதுக்காத அரசு, கோர்ட் தாமதத்தைக் காரணம் காட்டித் துப்பாக்கியை நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். கூலிக்குக் கொலை செய்தவர் செத்துப்போனால் கூலி கொடுத்தவருக்குத்தான் நிம்மதி. பணம் எங்கிருந்து வந்தது, யார் சொல்லி அனுப்பினார்கள் என்பதெல்லாம் கூடவே போய்விடும். கொலையானவரின் குடும்பத்துக்கு நீதி கிடைத்துவிட்டது என்று நாம் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான பெயர் என்றைக்கும் தெரியாமலே போயிருக்கும்.

காவலர்களுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாராவது நினைக்கக் கூடும். என் அப்பா ஏட்டாக இருந்தவர். தீபாவளி, பொங்கலுக்கு அவர் வீட்டில் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அரிவாளோடு வருபவர் முன் நிற்பது எப்படிப்பட்ட பயம் என்பதை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். உயிர் போகும் நிலையில் சுடும் உரிமை போலீஸுக்கு உண்டு. தற்காப்பு உரிமை என்று சட்டம் நம் எல்லோருக்கும் கொடுத்திருப்பதுதான் அவர்களுக்கும். தற்காப்பு என்று சொல்பவர் அதைக் காட்ட வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொது. அப்பா ஆயுதப்படையில் இருந்த காலத்தில், பந்தோபஸ்து முடிந்து வந்ததும் வாங்கிய தோட்டாக்களை எண்ணிக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குப் போகலாம். சுட்டிருந்தால் காலித் தோட்டாவைக் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் விசாரணைதான். அதை அவமானமாக அப்பா ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஒழுங்கான விசாரணை இல்லாமல் மூடப்பட்ட கோப்பு காவலர்களையும் விடாது. 1991 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தின் பிலிபித்தில் யாத்திரை போன பேருந்திலிருந்து இறக்கப்பட்ட சீக்கியர்கள் 10 பேர் கொல்லப்பட்டார்கள். தீவிரவாதிகளோடு மோதல் என்றது போலீஸ். வழக்கு சிபிஐ கைக்குப் போனது. 2016 ஏப்ரலில் 47 காவலர்களுக்கு ஆயுள் தண்டனை. 2022இல் உயர் நீதிமன்றம் அதை ஏழு வருடமாகக் குறைத்தது. சம்பவம் நடந்து கால் நூற்றாண்டு கழித்து, பேரன் பேத்தி எடுத்த வயதில் சிறைக்குப் போனார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் பத்துப் பேர் தீர்ப்பு வரும் முன்பே செத்துப்போனார்கள். கொல்லப்பட்டவர்களின் வீடுகளில் அந்த 25 வருடம் எப்படிக் கழிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இப்போது சுட்ட அதிகாரி நேர்மையாகத்தான் சுட்டார் என்றால், வேறு நிலையத்தின் குழுவும் நடுவரும் விசாரித்துச் சொல்லும்போதுதான் அவர் பெயர் முழுதாகத் துலங்கும். அவருக்கு வாழ்த்துச் சொல்பவர்கள்தான் அந்த விசாரணையை முதலில் கேட்க வேண்டும்.

உங்களிடம் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. காவல் துறை சொன்னதைப் பத்திரிகையின் சொந்தச் செய்தி போல எழுதாதீர்கள். சொன்ன அதிகாரியின் பதவியைப் போட்டு, அவர் சொன்னதாகவே எழுதுங்கள். இறந்தவர் மேல் இத்தனை வழக்குகள் என்று எழுதினால், எத்தனையில் தண்டனை, எத்தனையில் விடுதலை, எத்தனை இன்னும் நிலுவை என்றும் சேர்த்து எழுதுங்கள். நிலுவையில் உள்ள வழக்கை வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று எழுத எங்கள் நடுவர்கள் ஒருவரும் துணிந்ததில்லை.

அப்புறம் ஒரு சின்ன விஷயம், எனக்கு இதுதான் முக்கியம். இப்படிப்பட்ட மரணங்களில் விசாரிக்கும் அதிகாரி, தகவல் தெரிந்தவர்கள் இன்ன தேதியில் இன்ன அலுவலகத்தில் வந்து வாக்குமூலம் கொடுக்கலாம் என்று நாளிதழில் அறிவிப்பு கொடுப்பது வழக்கம். ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்றத்துக்கும் நடுவே பொடி எழுத்தில் அது வரும். அன்று அந்தப் பக்கம் நடந்துபோன பால்காரரோ, மொட்டை மாடியில் தூங்கிய மாணவரோ அதைப் பார்க்கப் போவதில்லை. அந்த அறிவிப்பு வரும் நாளில், சுட்டுக் கொன்ற செய்தியைப் போட்ட அதே முதல் பக்கத்தில் அதையும் செய்தியாகப் போடுங்கள். சாட்சி சொல்ல வருபவர் பெயர் வெளியே வராது என்ற உறுதியை மாவட்ட நிர்வாகத்திடம் கேட்டு வாங்கி, அதையும் சேர்த்துப் போடுங்கள். விசாரணை அறிக்கை வந்ததா என்று ஆறு மாதம் கழித்து ஒரு நிருபரை அனுப்பிக் கேளுங்கள். வரவில்லை என்றால், வரவில்லை என்று எழுதுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்றத் தலைமை எழுத்தர்,
உங்கள் நெடுநாள் வாசகி