கப்பல்கள் மூன்று வாரம் நின்றிருந்தால்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதமும் நாவலின் நான்கு அத்தியாயங்களும் கிடைத்தன. கண்புரை அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் எதையும் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அதனால்தான் இத்தனை தாமதம். இப்போது புதுக் கண்ணாடி வந்துவிட்டது, சின்ன எழுத்தும் தெளிவாகத் தெரிகிறது. உன் மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று நீ எழுதவே இல்லை.

சரி, நாவலுக்கு வருகிறேன். மைசூரின் ஹைதர் அலி ஆங்கிலேயரை வென்றிருந்தால் தெற்கு என்ன ஆகியிருக்கும் என்று கல்லூரி நாட்களிலிருந்தே பேசி வருகிறோம். அதை நீ எழுதத் தொடங்கியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அந்த உரிமையில்தான் இதைச் சொல்கிறேன். நீ மாற்றுவது ஒரே ஒரு முடிவாக இருக்கட்டும். அதுவும் அன்று அந்த இடத்தில் இருந்த ஒரு மனிதர் உண்மையிலேயே எடுத்திருக்கக்கூடிய முடிவாக இருக்கட்டும். அதற்குப் பிறகு உன் விருப்பம் எதுவும் கதைக்குள் நுழையக் கூடாது.

இப்போது நீ திருப்பத்தைப் புள்ளலூரில் வைத்திருக்கிறாய். ஏன் என்று புரிகிறது. 1780 செப்டம்பர் 10 அன்று ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படை அங்கே அழிந்தது. 4,000 பேருக்குச் சற்றுக் குறைவான படை. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது. சில மைல் தள்ளிக் காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலேயத் தலைமைத் தளபதி மன்றோ பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஹைதர் அவரைத் துரத்தாமல் ஆற்காட்டு முற்றுகைக்குத் திரும்பினார். உன் கதையில் அவர் துரத்துகிறார், ஒரே வாரத்தில் புனித ஜார்ஜ் கோட்டை விழுகிறது.

மன்றோவின் படை வழியிலேயே அழிந்திருக்கும் என்பதை ஏற்கிறேன். கோட்டை விழுந்திருக்காது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது அவர்களிடம் கப்பற்படை இருந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 டிசம்பரில் முற்றுகையிட்டார், அடுத்த பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் தெரிந்ததும் முற்றுகையை விட்டுவிட்டுப் போனார். கடல் வழி திறந்திருக்கிற வரை அந்தக் கோட்டைக்கு அரிசியும் ஆளும் வந்துகொண்டே இருக்கும். இது ஹைதருக்கும் தெரியும். 1769இல் பரங்கிமலை வரை வந்து சேர்ந்தவர், கோட்டையைத் தொடாமல் உடன்படிக்கை வாங்கிக்கொண்டுதானே திரும்பினார்?

அதனால் திருப்பத்தை ஐந்து மாதம் தள்ளிக் கடலூருக்குக் கொண்டுபோ.

அப்போது நடந்ததை நினைத்துப் பார். கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்திலிருந்து பணமும் படையும் கொடுத்துத் தளபதி அயர் கூட்டை அனுப்புகிறார். 1781 ஜனவரியில் கூட் சென்னையை விட்டுக் கிளம்பித் தெற்கே கடலூர்ப் பக்கம் வருகிறார். சுற்றிலும் ஹைதரின் குதிரைப்படை. ஊர்கள் காலி, வண்டி இழுக்க மாடு கிடையாது, நெல் கிடையாது. கடல் வழியாக வரும் அரிசியை நம்பித்தான் அவருடைய படை உயிரோடு இருக்கிறது. ஜனவரி கடைசியில் தோர்வ் என்பவர் தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் புதுச்சேரிக் கரைக்கு வந்து சேர்கின்றன. ஆங்கிலேயரின் கப்பற்படையோ மேற்குக் கரையில் இருக்கிறது. டிசம்பரில்தான் அதன் தளபதி ஹியூஸ் மங்களூரில் ஹைதரின் கப்பல்களை எரித்திருந்தார். முன்னால் ஹைதர், பின்னால் கடலில் பிரெஞ்சுக்காரர், நடுவில் பசியோடு கூட். நின்று உதவும்படி ஹைதர் கேட்டுக்கொள்கிறார். தோர்வ் கேட்கவில்லை. பிப்ரவரி நடுவில் பாய் விரித்து மொரீஷியஸுக்குப் போய்விட்டார்!

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். கூட் பிழைத்தார். அதே ஆண்டு ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். தோர்வ் மூன்று வாரம் நின்றிருந்தால் பரங்கிப்பேட்டைப் போர் என்ற ஒன்றே இருந்திருக்காது. ஒரு தளபதியின் தயக்கம் நீங்கினால் போதும், யாரையும் நீ மேதையாக்க வேண்டியதில்லை. ஒரு வருடம் கழித்து அதே கப்பல்கள் சுஃப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதியின் கைக்கு வந்தபோது எப்படிச் சண்டையிட்டன என்பது உனக்குத் தெரியும். ஆகவே வாசகன் இதை நம்புவான்.

இந்த இடத்தில் ராக்கெட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரும்புக் குழாய் ராக்கெட் மைசூரின் பெருமைதான், ஆனால் நீ அதற்கு இரண்டு அத்தியாயம் கொடுத்திருக்கிறாய், மாடுகளுக்கு ஒரு பத்திகூட இல்லை. பின்னாளில் அம்ருத மகால் என்று பெயர் பெற்ற அந்தக் காளைகள் இல்லாமல் ஹைதரின் பீரங்கிகள் செங்கம் கணவாயைத் தாண்டியிருக்காது. ஒவ்வொரு அத்தியாயத்திலும் இந்தப் படை இன்று என்ன சாப்பிட்டது, யார் இழுத்து வந்தது, எந்தக் கஜானா கொடுத்தது என்று எழுதிப் பார். பதில் கிடைக்காத இடத்தில் கதை பொய்யாகிவிடும்.

கடலூரில் கூட் சரணடைந்தார் என்றே வைத்துக்கொள்வோம். எதிரிகள் கை கட்டி நிற்க மாட்டார்கள். வங்காளத்திலிருந்து ஒரிசா வழியாகப் பியர்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதியின் படை ஏற்கனவே நடந்து வந்துகொண்டிருக்கிறது. ஹேஸ்டிங்ஸ் மராட்டியரோடு 1782 மே மாதம் சால்பாயில் செய்துகொண்ட சமாதானத்தை, இன்னும் அதிகம் விட்டுக்கொடுத்து, ஒரு வருடம் முன்பே செய்திருப்பார். கல்கத்தாவில் வருமானம் இருக்கிற வரை கிழக்கிந்தியக் கும்பெனி இந்தியாவை விட்டுப் போகாது. சென்னை ஒரு கோட்டையாகவும் துறைமுகமாகவும் மட்டும் அவர்களிடம் மிஞ்சும், ஆற்காட்டு நவாபின் வரி வசூல் மைசூர்த் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகும். என் கணக்கில் மைசூரின் வெற்றி இவ்வளவுதான், இதுவே மிகப் பெரிது.

ஹைதரின் ஆயுளை நீ பத்து வருடம் நீட்டியிருப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. முதுகில் வந்த ராஜபிளவை என்ற கட்டிக்குக் கடலூர் வெற்றி மருந்தாகாது. 1782 டிசம்பர் 7 அப்படியே இருக்கட்டும். திப்பு மலபாரில், தகப்பன் சித்தூர்ப் பக்கத்துப் பாசறையில், மகன் வந்து சேரும்வரை மரணத்தை மறைத்து வைத்த அதிகாரிகள்: இதைவிட நல்ல காட்சி உனக்குக் கற்பனையில் கிடைக்காது. உன் கதையில் திப்புவின் கைக்கு வருவது இன்னும் பெரிய நாடு, ஆகவே கண் வைப்பவர்களும் அதிகம். மராட்டியரும் நிஜாமும் கடைசிவரை அவருக்குத் துணை நிற்பதாக எழுதியிருக்கிறாய். நிஜத்தில் 1786இலேயே இருவரும் சேர்ந்து அவரோடு போரிட்டார்கள், 1790இல் கும்பெனியோடு கைகோத்தார்கள். மைசூர் சோழமண்டலக் கரைவரை வளர்ந்துவிட்டால் புனேவுக்குத் தூக்கம் வருமா? உன் இரண்டாம் பாகத்தின் பெரிய போர் துங்கபத்திரைக் கரையில்தான் நடக்க வேண்டும்.

அப்புறம், நீ தொடவே தொடாத ஓர் இடம். சிவகங்கை. வேலு நாச்சியார் திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சியில் அடைக்கலமாக இருந்து, ஹைதரின் உதவியோடு 1780இல் நாட்டை மீட்டார். நீ இதுவரை எழுதியதெல்லாம் தளபதிகளின் கூடாரத்திலிருந்து பார்த்தது. நாச்சியாரின் அரண்மனையிலிருந்து பார்த்தால் கதை வேறு மாதிரி தெரியும். அவருக்கு ஹைதர் உபகாரி, அதே சமயம் அச்சமும் கூட. 1755இல் திண்டுக்கல் பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, வந்தபோது சுற்றுவட்டப் பாளையக்காரர்களை ஹைதர் அடக்கிய விதம் அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 1779இல் சித்திரதுர்க்கத்து மதகரி நாயக்கர் ஹைதரிடம் கோட்டையை இழந்த செய்தியும் சிவகங்கைக்கு வந்திருக்கும். கும்பெனி ஒதுங்கிவிட்டால் பாளையங்களின் அடுத்த வழக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்தோடுதான். மருது சகோதரர்கள் 1801இல் கும்பெனியால் தூக்கிலிடப்பட்டார்கள். உன் உலகத்தில் அவர்கள் யாரை எதிர்த்து நிற்பார்கள்? மைசூர் அமில்தார் வரி கேட்டு வந்தால் கொடுப்பார்களா? எனக்கு இதைப் படிக்க வேண்டும், கதிரேசா. மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான்.

தஞ்சாவூரையும் விட்டுவிடாதே. ஹைதர் படை ஊர்களைச் சூறையாடியதை ஹைதர் கலாபம் என்று அந்தப் பக்கம் சொல்கிறார்களே, அது உன் கதையிலும் நடந்தே தீரும். கூட்டின் படை பசித்தது ஹைதர் ஊர்களை எரித்ததால். அந்த ஊர்களில் இருந்தவர்கள் நம்முடைய ஜனங்கள். நமக்குப் பிடித்த அரசன் ஜெயிக்கிறான் என்பதற்காக அந்தச் சாம்பலைக் கதையிலிருந்து கூட்டித் தள்ளக் கூடாது.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒருமுறை போய் வருவதாக எழுதியிருந்தாய். அங்கே திப்புவின் தரியா தௌலத் பாக் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் ஓவியம் இருக்கிறது, பல்லக்கில் உட்கார்ந்திருக்கும் பெய்லியும் வெடிக்கும் மருந்து வண்டியும் அதில் உண்டு. டாக்டர் அனுமதித்தால் நானும் வருகிறேன், தேதியை மட்டும் முன்கூட்டியே சொல். கடலூர் அத்தியாயத்தை எழுதியதும் பிரதி எடுத்து அனுப்பு. கையெழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
சண்முகம்