பாபி லின் கதையை எழுத உதவியவர்களுக்கு நன்றி

அன்பு நண்பர்களே,

பாபி லின் என்ற ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரரைப் பற்றிய நீண்ட கட்டுரையை ஒருவழியாக எழுதி முடித்துவிட்டேன். கட்டுரையின் மேலே என் பெயர் இருக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் தகவலில் பாதிக்கு மேல் மற்றவர்கள் தேடி எடுத்துத் தந்தது. அவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

லின் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டண்டீ நகரத்துக்காரர். விங்கர், அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடி ஆடும் முன்வரிசை வீரர். சொந்த ஊர் அணியான டண்டீயில் தொடங்கி, பீட்டர்ஹெட், மோர்ட்டன், ஈஸ்ட் ஃபைஃப் என்று ஆடிவிட்டு 2013-இல் ஆர்புரோத் அணிக்கு வந்தார். அங்கேதான் பேர் வாங்கினார். 2016-17-இல் லீக் டூ (நாலாம் அடுக்கு) பட்டம், 2018-19-இல் லீக் ஒன் (மூன்றாம் அடுக்கு) பட்டம். இரண்டாவது பட்டம் வென்ற அதே ஆண்டு, லீக் ஒன்னின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது. எதிரணியில் நின்று அவரைத் தடுக்கப் பாடுபட்ட வீரர்களே வாக்களித்துத் தருகிற விருது அது. இவ்வளவு காலமும் அவருக்குச் சோறு போட்ட வேலை டண்டீயின் குப்பை லாரியில். காலையில் வீடு வீடாகக் குப்பைத் தொட்டிகளை இழுத்து வந்து லாரியில் ஏற்றுவார், சாயங்காலம் பயிற்சிக்குப் போவார், சனிக்கிழமை ஆட்டம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நாடு முழுக்க ஆட்டங்கள் நின்றபோதும் அவர் லாரியோடு தெருவில்தான் இருந்தார்.

ஸ்காட்லாந்தின் லீக்கில் 42 அணிகள். உச்சியில் இருக்கும் பிரீமியர்ஷிப்பில் 12, அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என்ற மூன்று அடுக்குகளில் பத்துப் பத்தாக 30. செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற பெரிய அணிகளைப் பற்றி எழுதக் கிளாஸ்கோவில் ஆள் குறைவே இல்லை. அடியில் உள்ள இரண்டு அடுக்குகளில் பெரும்பாலான வீரர்கள் பகுதிநேரக்காரர்கள். பிளம்பர், ஆசிரியர், எலக்ட்ரீஷியன் என்று ஆளுக்கொரு வேலை இருக்கும். அவர்களுடைய ஆட்டத்தைப் பற்றி மறுநாள் பத்திரிகையில் ஒரு பத்தி வந்தால் பெரிது. அதனால் அப்படிப்பட்ட ஒருவரின் பத்துப் பதினைந்து வருட ஆட்டத்தை எழுத உட்கார்ந்தால், எங்கே போய்த் தேடுவது என்பதே முதல் கேள்வி.

டண்டீ வெல்கேட்டில் உள்ள மத்திய நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு ஊழியர்களுக்கு என் முதல் நன்றி. பழைய பத்திரிகைகளைப் படச்சுருளில் காட்டும் மைக்ரோஃபிலிம் கருவியில் சுருளை மாட்டுவதிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தீர்கள். எந்தப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் சின்ன அணிகளின் செய்தி வரும் என்பது உங்களுக்கு மனப்பாடம். நான் கேட்ட வருடத்தோடு நிறுத்தாமல் அதற்கு முந்தைய வருடச் சுருளையும் மேஜையில் வைத்துவிட்டுப் போவீர்கள். பல சமயம் எனக்கு வேண்டியது அந்த முந்தைய சுருளில்தான் கிடைத்தது.

அடுத்து, ஆட்டப் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஆர்புரோத் பெரியவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. ஐயா, உங்கள் வீட்டு மாடி அறையில் பார்த்ததை என்னால் மறக்க முடியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதான வாசலில் விற்கும் அந்தச் சிறு புத்தகத்தை வருடவாரியாகக் கட்டி அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தீர்கள். ஒவ்வொன்றின் நடுப்பக்கத்திலும் வீரர் பட்டியலுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள்: யார் எத்தனையாவது நிமிடத்தில் வெளியே போனார், யார் உள்ளே வந்தார், கோல் எந்தக் காலால் அடித்தது. மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்ட புத்தகங்களிலும் பென்சில் எழுத்து அழியவில்லை. பேனாவால் எழுதியிருந்தால் கரைந்து போயிருக்கும் என்றீர்கள். லின் மாற்று வீரராக இறங்கிய ஆட்டங்களில் சிலவற்றை அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் என்னால் சரிபார்க்க முடிந்தது. யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல் இத்தனை வருடமாக நீங்கள் செய்துவந்த வேலை அது. ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலை என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள். இப்போதும் அதையே சொல்கிறேன்.

ஆர்புரோத்தின் சொந்த மைதானமான கேஃபீல்டில் என்னோடு நின்று ஆட்டம் பார்த்தவர்களுக்கும் நன்றி. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன், அந்த மைதானத்தின் சுவரைத் தாண்டினால் வடகடல்தான். குளிர்காலத்தில் அலை சுவரேறி வந்து பார்வையாளர்களை நனைக்கும். கோல்கீப்பர் உதைத்த பந்து பாதி தூரம் போய்க் காற்றில் திரும்பி வருவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கார்னர் அடிக்க வைத்த பந்து தானாக உருண்டு போகும், வீரர் ஓடிப்போய் எடுத்து வந்து மறுபடி வைப்பார். இதே மைதானத்துக்காரர்கள்தான் 1885-இல் ஆர்புரோத் அணி பான் அக்கார்ட் என்ற அணியை 36-0 என்று வென்றதை நேற்று நடந்ததுபோல் பேசுவார்கள். இடைவேளையில் கூட்டம் அப்படியே நடந்து மறுபக்கக் கோலுக்குப் பின்னால் போய் நிற்கும், தங்கள் அணி கோல் அடிக்கப் போகும் பக்கம் அது. அந்த நடையில்தான் நான் பாதிக் கதைகளைக் கேட்டேன். இந்தக் காற்றில் பந்தைத் தரையோடு வைத்து ஓடத் தெரிந்தவர்தான் இங்கே பிழைக்க முடியும், லின்னுக்கு அது தெரியும் என்று எனக்குப் புரியவைத்தது நீங்கள்தான். அப்புறம், பை (pie) என்ற ஆவி பறக்கும் சுட்ட பலகாரம் ஒன்றைக் கையில் திணித்து "முதலில் சாப்பிடு, பிறகு எழுது" என்ற அம்மாவுக்கும் நன்றி.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வீரர் குப்பை லாரியில் வேலை பார்க்கிறார் என்றவுடன் பலர் அதை ஒரு வேடிக்கைச் செய்தியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆர்புரோத்தும் ஸ்ட்ரான்ரேரும் ஒரே லீக்கில் இருந்தன. ஒன்று கிழக்குக் கரை, மற்றது தென்மேற்கு மூலை. அந்த ஆட்டத்துக்குப் போய்வந்தால் சனிக்கிழமை முழுக்கப் பேருந்திலேயே கழியும். வாரம் முழுக்க உடலுழைப்பு வேலை பார்த்த ஒருவர் அதற்குப் பிறகு பின்காப்பு வீரரைத் தாண்டி ஓட வேண்டும். அதை வருடக்கணக்கில் செய்து, நாட்டின் அந்த அடுக்கிலேயே சிறந்தவர் என்று சக வீரர்களிடம் பேர் வாங்குவது பெரிய சாதனை. கட்டுரையில் நான் சொல்ல முயன்றது இதைத்தான்.

2021-22 பருவத்தைப் பற்றிய பகுதிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அப்போது ஆர்புரோத்தின் மேலாளர் டிக் கேம்பெல், அவருக்குத் துணையாக அவருடைய இரட்டைச் சகோதரர் இயன். இவர்களுடைய பகுதிநேர அணி, முழுநேர அணிகள் நிறைந்த சாம்பியன்ஷிப்பில் இரண்டாம் இடம் பிடித்தது. பட்டத்துக்குப் போட்டியிட்ட கில்மார்னாக் அணியோடு அதன் ஊரில் நடந்த ஆட்டத்தில் முன்னிலையில் இருந்து கடைசி நேரத்தில் 2-1 என்று தோற்றதில் பட்டம் கைநழுவியது. அடுத்து, பிரீமியர்ஷிப்புக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் இன்வர்னஸ் அணியிடம் பெனால்டியில் தோற்றார்கள். கில்மார்னாக்குக்குப் பேருந்தில் போய்வந்த ரசிகர்கள் அந்த இரவைப் பற்றி என்னிடம் பேசும்போது ஒருவர் குரலிலும் புகார் இல்லை. வலி இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. உங்கள் சொற்களை அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன், ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போன பக்கத்து வீட்டு அண்ணனுக்கு, பெட்ரோல் காசு வாங்க மறுத்த உங்களுக்கு, என்ன சொல்வது? கால்பந்தில் துளியும் ஆர்வம் இல்லாமல் கொட்டும் மழையில் தொண்ணூறு நிமிடமும் கூட நின்றீர்கள். தோழி ஒருத்தி முழுக் கட்டுரையையும் வரிவரியாகத் திருத்தினாள். புள்ளிவிவரம் கொட்டிக் கிடந்த பக்கங்களை ஈவிரக்கம் இல்லாமல் வெட்டினாள். வெட்டியது சரிதான்.

பாபி லின் அவர்களே, உங்களை நான் நேரில் சந்தித்துப் பேசியதில்லை. நீங்கள் பத்திரிகைகளுக்குச் சொன்னவற்றையும் மைதானத்தில் கண்டதையும் வைத்தே எழுதினேன். டண்டீயில் குளிர்கால இருட்டில் லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நீங்கள் ஆடிய ஆட்டத்துக்கும் எங்கள் ஊருக்குச் செய்த வேலைக்கும் மனமார்ந்த நன்றி.

இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி நூலகத்திலும் பெரியவரிடமும் கொடுத்திருக்கிறேன். கட்டுரையின் அச்சுப் பிரதி ஒன்றைத் தன் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார். தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தேதிகளைப் படித்துக்கொள்வேன் என்றார். வேறு யாருக்காவது பிரதி வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
டண்டீயிலிருந்து உங்கள் நண்பன்