கண்ணாடிக்குள் விளக்கு எரிகிறது: எல்லாருக்கும் நன்றி

எங்கள் கேமின் டெமோவை அனுப்பிவிட்டோம், கண்ணாடி அறையும் அதில் இருக்கிறது. அந்தக் கண்ணாடியில் தெரியும் விளக்குகளின் பிம்பம், நிஜத்தில் போல ஒளிவட்டத்தோடு ஒளிராததுதான் எங்கள் சிக்கல். என்ன பாடு பட்டோம் என்று கூடவே இருந்த உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. இந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, தன் வீட்டு வாஷ்பேசின் கண்ணாடியை ஃபோனில் படம் எடுத்து அனுப்பிய நண்பருக்கு. நாங்கள் கேம் செய்யும் யூனிட்டி மென்பொருளை அவர் தொட்டதே இல்லையாம், கல்யாண வீடுகளில் ஃபோட்டோ எடுப்பவர். நாங்கள் புலம்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, கண்ணாடி முன்னால் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு எடுத்த படத்தோடு, பிம்பத்தைச் சுற்றியுள்ள ஒளிவட்டம் எங்கே முடிகிறது என்று பாருங்கள் என ஒரே வரி எழுதியிருந்தார். பார்த்தேன். வட்டம் கண்ணாடியோடு நிற்கவில்லை, மரச்சட்டத்தின் மேலும் பக்கத்துச் சுவரின் மேலும் வழிந்திருந்தது. அடுத்த படத்தில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, நன்றாக இறக்கியிருந்தார், நிஜ பல்பிலும் பிம்பத்திலும் வட்டம் போய் இழை மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. அந்த வட்டம் லென்ஸில் உண்டாவது. கண்ணாடி வெளிச்சத்தை அளவு குறையாமல் திருப்பித் தந்தாலே போதும். கேமுக்குள் பிம்பத்தைப் படம்பிடிக்கும் எங்கள் கண்ணாடிக் கேமரா எழுதிக்கொண்டிருந்த ரெண்டர் டெக்ஸ்ச்சரோ (அந்தப் படம் சேரும் இடம்) 8 பிட், அதில் எந்த வெளிச்சமும் 1-ஐ, அதாவது முழு வெள்ளையை, தாண்டாது. எமிஷன் (தானே வெளியிடும் ஒளியின் அளவு) 6 கொடுத்த நியான் பலகையும் சாதாரண வெள்ளைச் சுவரும் அங்கே ஒரே வெள்ளைதான், அப்புறம் புளூம், அதாவது மிகப் பிரகாசமான இடங்களைச் சுற்றி ஒளிவட்டம் போடும் எஃபெக்ட், எதைப் பார்த்து ஒளிர வைக்கும்? சரி என்று கண்ணாடிக் கேமராவிலேயே புளூம் போட்டால், வட்டம் சட்டத்தின் ஓரத்தில் கத்தியால் நறுக்கியது போல நின்றுவிடும், வெளிச்சத்தைத் திரைக்கு ஏற்ற அளவுக்குச் சுருக்கும் டோன்மேப்பிங்கும் இரண்டு தடவை ஏறி நிறமெல்லாம் வெளுத்துப் போகும். இப்போது டெக்ஸ்ச்சர் 16 பிட் ஃப்ளோட், அதில் 1-ஐத் தாண்டிய அளவும் நிற்கும், கண்ணாடிக் கேமராவில் புளூம், டோன்மேப்பிங் போன்ற போஸ்ட் ப்ராசஸிங் எதுவும் இல்லை, கண்ணாடியின் மெட்டீரியல் அன்லிட் (அறை வெளிச்சம் அதன் மேல் ஏறாது), புளூம் ஆடுபவர் பார்க்கும் முக்கியக் கேமராவில் கடைசியாக ஒரே தடவை. 1024க்கு 1024 டெக்ஸ்ச்சர் 4 எம்பியிலிருந்து 8 எம்பி ஆனது, மெமரியில் அவ்வளவுதான் செலவு. பலகையின் பிம்பத்திலிருந்து சிவப்பு மெல்ல மரச்சட்டத்தின் மேல் பரவியதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை.

விளக்குகளில் ஒட்டியிருந்த பில்போர்டுகள் (கேமரா பக்கமே திரும்பி நிற்கும் தட்டைப் படங்கள்) முக்கியக் கேமராவையே பார்த்து நின்றதால் கண்ணாடியில் வெறும் கோடாகத் தெரிவதைக் கண்டுபிடித்தவர், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சுவர் பிம்பத்தை மறைக்காமல் இருக்க நியர் பிளேனை (கேமரா எங்கிருந்து காட்டத் தொடங்கும் என்ற எல்லை) சாய்க்கும் கணக்கைப் போட்டுத் தந்தவர், பழைய லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்து ஃப்ரேம் ரேட் அனுப்பிக்கொண்டே இருந்த தம்பிகள், ராத்திரியில் டீ போட்டுக் கொடுத்த அம்மா, எல்லாருக்கும் மனசார நன்றி.

இத்தனை பேர் இத்தனை நாள் திரையையே முறைத்துக்கொண்டிருந்தபோது, எழுந்து போய் நிஜக் கண்ணாடியைப் பார்க்கத் தோன்றியது அந்த ஃபோட்டோ நண்பருக்குத்தான். இனி ஒளி சம்பந்தமாக எது சிக்கினாலும், ஷேடரை (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் நிரல்) திறக்கும் முன் நிஜப் பொருளைப் படம் எடுத்து அருகில் வைத்துக்கொள்வேன். கண்ணாடி, விளக்கு, ஒரு சுவர் மட்டும் உள்ள சின்ன ப்ராஜெக்ட்டாக இதைப் பிரித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாகப் போடவும் போகிறேன், அந்த இரண்டு படங்களோடு சேர்த்து, அவர் சம்மதித்தால்.

நண்பரே, கிரெடிட்ஸில் உங்கள் பெயரை எப்படிப் போட வேண்டும் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.