செயலாளரின் ஆண்டறிக்கை: ஓடிய வண்டிகளும் வராத சந்தாவும்

நம் ரிமோட் மாடல் டாங்கிச் சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்கள், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன வருட அறிக்கை ரொம்பச் சுருக்கம் என்று சிலர் குறைப்பட்டீர்கள். இந்த முறை நீளமாகவே எழுதியிருக்கிறேன். அதற்கும் குறை சொல்ல ஆள் உண்டு என்று தெரியும்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு 4 முறை கூடியது, அதில் ஒரு முறை போதிய ஆள் இல்லாமல் கலைந்தது. ஓட்ட நாட்கள் 6 நடந்தன. சிறுவர்களுக்கு சால்டரிங் வகுப்பு ஒன்று நடந்தது, யாரும் கையைச் சுட்டுக்கொள்ளவில்லை. வண்டிகள் குண்டுக்குப் பதில் அகச்சிவப்பு ஒளியால் சுட்டு விளையாடும் சண்டை நாள் ஒன்று நடந்தது, உச்சி வெயிலில் வைத்ததால் பாதிக் குண்டு பதிவாகவே இல்லை. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, ரிசீவர் திணறும், சாயங்காலம் வைத்துக்கொள்வோம் என்று நான் சொன்னது கூட்டக் குறிப்பில் இருக்கிறது, விரும்புவோர் பார்த்துக்கொள்ளலாம்.

பழுதுபார்க்கும் நாள் மாதம் ஒன்று வீதம் 12 அறிவித்தோம். ஓட்ட நாளில் இடம் பிடிக்க அடித்துக்கொள்ளும் அதே சங்கத்தில், பழுதுபார்க்கும் நாளில் பெரும்பாலும் நானும் பொருளாளரும் மட்டும்தான். அவரும் சந்தா ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருவார், யாரும் வராததால் மூடிவைத்துவிட்டு எனக்கு ஸ்க்ரூ எடுத்துக் கொடுப்பார்.

இனி சங்கத்தின் டைகர் வண்டி, அதாவது இரண்டாம் உலகப் போர்க் கால ஜெர்மன் டாங்கியின் மாடல். இதைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் நிறையப் பேச்சு நடந்திருக்கிறது, அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

வாங்கியபோது அது சாதாரண 1/16 பிளாஸ்டிக் வண்டி. நிஜ டைகர் சுமார் 57 டன். 16-இல் ஒரு பங்கு அளவு என்றால் எடையும் 16-இல் ஒரு பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் எடை 4096-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 14 கிலோ வர வேண்டும். நம் வண்டி அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சின்னக் கல்லில் ஏறினாலே தவளை மாதிரி குதித்தது. எடை ஏற்ற வேண்டும் என்று பொதுக்குழுவிலேயே முடிவானது, நான் தனியாக எடுத்த முடிவு இல்லை. அதனால்தான் இரு பக்கமும் சுற்றும் செயினை உலோகத்தில் வாங்கினோம், அதை இழுக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட், மறுமுனையில் தாங்கும் சக்கரமான ஐட்லர் எல்லாமும் உலோகத்தில் வாங்கினோம்.

கியர் பாக்ஸையும் சேர்த்து வாங்கலாம் என்றுதான் நான் எழுதிக் கொடுத்தேன். செயற்குழு அதை அடுத்த காலாண்டுக்குத் தள்ளியது. ஓட்ட நாள் நெருங்கிவிட்டது, புதுச் செயினைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை, சரி என்று பழைய கியர் பாக்ஸிலேயே மாட்டினேன். நேராக ஓடும்வரை பிரச்சினை இல்லை. நின்ற இடத்திலேயே சுற்றும்போதுதான் டாங்கியின் கியருக்கு முழுச் சுமையும் வரும், ஏனென்றால் செயின் முழுவதும் தரையில் பக்கவாட்டில் அரைபட வேண்டும். மூன்றாவது சுற்றில் கறக் கறக் என்று ஒரு சத்தம். இடது பக்கம் பல் உதிர்ந்துவிட்டது. இதற்கு செயலாளர் மட்டும் எப்படிப் பொறுப்பாக முடியும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஸ்டீல் கியர் பாக்ஸ் வந்தது. ஒரு உறுப்பினர் தன் வண்டிக்குத் தனியாக வாங்கி ஏமாந்ததால் இதையும் சொல்லிவைக்கிறேன்: டைகருக்கு ஸ்ப்ராக்கெட் முன்னால், சோவியத் டாங்கியான டி-34-க்குப் பின்னால். ஷாஃப்ட் நீளமும் வண்டிக்கு வண்டி மாறும். அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள், படத்தைப் பார்த்துப் போடாதீர்கள். வந்ததை அப்படியே மாட்டவும் கூடாது. திறந்து, உள்ளே கிடக்கும் உலோகத் தூளைத் துடைத்து, புது கிரீஸ் வைத்து, செயின் இல்லாமல் முன்னும் பின்னும் கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட வேண்டும். ஸ்ப்ராக்கெட்டின் குட்டி ஸ்க்ரூ ஷாஃப்டில் தட்டையாகச் சீவிய பக்கத்தில்தான் உட்கார வேண்டும். உருண்டையான பக்கத்தில் முறுக்கினால் ரெண்டு ஓட்டத்தில் கழன்றுவிடும். ஸ்க்ரூ பிடிக்கப் போடும் திரவப் பசையை உலோகத்துக்கு மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வழிந்தால் அது வெடிப்பு விடும். நம் டைகரின் முன்பக்க மரை ஒன்று அப்படித்தான் போனது. அதைச் செய்தது நான் இல்லை, யார் என்று இங்கே எழுதவும் போவதில்லை.

கியர் பாக்ஸ் மாட்டியபோதுதான் நான்காவது அச்சில் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை உடைந்திருப்பதைப் பார்த்தேன். டைகரின் சக்கரங்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்தமாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் ஒன்றைக் கழற்ற அதைச் சுற்றியுள்ளவற்றை எல்லாம் கழற்ற வேண்டும், நிஜ டைகரை வைத்திருந்த படைவீரர்களுக்கும் இதே தலைவலிதான். அந்தக் கையை மாற்ற எனக்கு முழுதாக இரண்டு பழுதுபார்க்கும் நாள் போனது. நான்கு கை இருந்திருந்தால் ஒரு மணி நேர வேலை.

அடுத்தது போர்டு, ரிமோட் சொல்வதைக் கேட்டு மோட்டார்களை ஓட்டும் சர்க்யூட். எல்லோரும் கேட்கும் விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரியின் பழைய வெள்ளை பிளக் புதுச் சுமையில் தொட முடியாத அளவுக்குச் சுட்டது, அதனால் அதை வெட்டிவிட்டு கனமான பிளக் வைப்பது என்று முடிவு செய்தேன். அன்று என்னைத் தவிர யாரும் வரவில்லை, பொருளாளரும் வரவில்லை. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் சால்டரிங், ஒயரைப் பிடிக்க ஆள் இல்லை, கண்ணாடியும் கிட்டப் பார்வைக்கானது இல்லை. சிவப்பும் கறுப்பும் இடம் மாறிவிட்டன. பேட்டரியை மாட்டியதும் புகை வந்தது, முதலில் நிஜ டாங்கி மாதிரி புகை விடும் யூனிட் வேலை செய்கிறது என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அது போர்டு. மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் டார்ச்சைப் பிடிக்க ஒரே ஒரு உறுப்பினர் வந்திருந்தால் அந்த போர்டு இன்றும் உயிரோடு இருந்திருக்கும்.

ஒரு நன்மையும் நடந்தது. பழைய போர்டு 27 மெகாஹெர்ட்ஸ். ஒரே அலைவரிசையில் இரண்டு ரிமோட் இருந்தால் ஒருவர் திருப்ப இன்னொருவர் வண்டி திரும்பும். முந்தைய வருடம் ஷெர்மன் என்ற அமெரிக்க டாங்கி மாடல் ஒன்று மேஜையிலிருந்து குதித்தது நினைவிருக்கும். புது போர்டு 2.4 கிகாஹெர்ட்ஸ், தன் ரிமோட்டோடு மட்டும்தான் பேசும். மோட்டார் கிளப்பும் மின் இரைச்சலை அடக்க அதன் முனைகளில் 104 என்று எழுதிய குட்டிக் கெப்பாசிட்டரும் வைத்துவிட்டேன், டரெட் என்ற பீரங்கி மேல்பகுதி தானாகத் துடிப்பது நின்றுவிட்டது.

இப்போது வண்டி ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. "நத்தை மாதிரி ஊருது" என்று சிலர் சொல்கிறார்கள். நிஜ டைகர் நல்ல சாலையில் அதிகபட்சம் 45 கி.மீ. போகும் என்பார்கள். அதை 16-ஆல் வகுத்தால் மணிக்கு 2.8 கி.மீ., நாம் நடப்பதைவிடக் குறைவு. இதுதான் சரியான வேகம். பந்தயக் கார் வேண்டுமென்றால் வேறு சங்கம் பார்க்கலாம்.

ராத்திரி பதினொரு மணி தொலைபேசி அழைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அண்ணே, வண்டி ஒரே பக்கமா சுத்துது" என்று மூன்று மாதத்தில் ஐந்து பேர் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஐவருக்கும் ஒரே பதில்தான்: போர்டில் இடது, வலது மோட்டார் பிளக்குகளை மாற்றி மாட்டுங்கள். முன்பு ஓடாத பக்கமே இப்போதும் ஓடாவிட்டால் கோளாறு மோட்டாரிலோ கியரிலோ ஒயரிலோ, மறுபக்கம் நின்றுவிட்டால் போர்டில். இதற்கு நான் தேவையில்லை. ஐந்து பேரில் நான்கு பேர் இந்த வருட சந்தா கட்டவில்லை என்பதை பொருளாளரின் நோட்டு சொல்கிறது. பெயர் எழுதவில்லை, போனில் எண் இருக்கிறது.

இன்னொன்று கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். நிக்கல் பேட்டரிக்கான சார்ஜரில் லித்தியம் பேட்டரியை மாட்டி ஒருவர் அதை அப்பளம் மாதிரி உப்ப வைத்துவிட்டார். 7.2, 7.4 என்று எழுதியிருப்பது பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வேறு. லித்தியத்தை ஒரு செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் விடக் கூடாது. பழைய போர்டுகளை நம்பாமல், குறைந்தால் கத்தும் சின்ன அலாரம் ஒன்றை மாட்டிவிடுங்கள். உப்பிய பேட்டரியுடன் அடுத்த ஓட்ட நாளுக்கு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன்.

வரவு செலவு: வரவைவிடச் செலவு சற்று அதிகம், அது முன்னிருப்பிலிருந்து சமாளிக்கப்பட்டது. "இதர" என்ற தலைப்பு போன வருடத்தைவிடப் பெரிதாகத் தெரியும், அதில்தான் அந்த போர்டு இருக்கிறது. முழுக் கணக்கு பொருளாளரிடம் உள்ளது.

இடம் கொடுத்தவர்களுக்கும், தலைவருக்கும், பேரிங் இலவசமாகத் தந்த உறுப்பினருக்கும், பொருளாளருக்கும் நன்றி. வந்த எல்லோருக்கும் நன்றி, வராதவர்களுக்கும் சம்பிரதாயப்படி நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பில் நான் தொடர்வேனா என்று கேட்கிறார்கள். வீட்டில் மேஜை மேல் இன்னும் மூன்று வண்டி திறந்து கிடக்கிறது, கண்ணும் முன்பு மாதிரி இல்லை. இளையவர் யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால், நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னால், பார்க்கலாம். ஆனால் டைகரின் 360 டிகிரி டரெட் வேலை பாதியில் நிற்கிறது, அதை நடுவில் கை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை என்பதையும் கவனத்தில் கொள்ளவும்.

கடைசியாக, செயின் கண்ணிகளின் ஊசியைத் தள்ளி எடுக்கும் சங்கத்தின் கருவி ஒன்பது மாதமாகக் காணவில்லை. எடுத்தவர் யாரானாலும் அடுத்த பழுதுபார்க்கும் நாளில் சத்தமில்லாமல் மேஜையில் வைத்துவிடலாம். கூடவே ஒரு டார்ச்சும் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்